மரபணுச் சோதனையா, வருடாவருடம் மேமோகிராமா?

சுங்கை சிப்புட்டில், ஒரே தோட்டத்து லயத்தில் என்னோடு வளர்ந்தவள் கேட்டாள்: "அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய். நான் எதைச் செய்ய?"

செலவு: மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, திரும்பத் திரும்ப வரும். மரபணுச் சோதனை பெரும்பாலும் ஒரே தடவை, ஆனால் கைக்காசு மொத்தமாகப் போகும்.

அலைச்சல்: மேமோகிராமுக்கு ஈப்போ போதும். மற்றதற்கு மரபணு ஆலோசகரையும் பார்க்க வேண்டும். கோலாலம்பூர்வரை போக வேண்டி வரலாம்.

பதில்: மேமோகிராம் வந்துவிட்ட கட்டியைத்தான் காட்டும். மரபணுச் சோதனை, இனி வரக்கூடிய ஆபத்தைச் சொல்லும். பிஆர்சிஏ1 மரபணுவில் கெடுதலான மாற்றம் இருந்தால், 80 வயதுக்குள் 100 பெண்களில் ஏறக்குறைய 70 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரலாம். சினைப்பைக்கும் ஆபத்து, அதை மேமோகிராம் பார்க்காது. அந்த மாற்றம் பிள்ளைக்குப் போக 50 விழுக்காடு வாய்ப்பு, ஆண்பிள்ளை என்றாலும். சில சமயம் 'தெளிவில்லாத மாற்றம்', அதாவது கெடுதலா இல்லையா என்று தெரியாதது, என்று முடிவு வரும். அதுதான் தலைவலி!

அம்மா இருக்கிறார் என்றால் முதலில் அவருக்கே சோதனை செய்யச் சொன்னேன். அவரிடம் மாற்றம் தெரிந்தால், இவளுக்கு அதை மட்டும் தேடினால் போதும். குடும்பத்தில் வயதான ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால் மேமோகிராமே போதும் என்றிருப்பேன். இவள் வீட்டில் இரண்டு பேர், அதுவும் சித்திக்கு 38 வயதில். சரி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பு என்றேன்.