ரோட்டரியா, பாக்ஸரா? மாஸ்டாவும் சுபாருவும் அருகருகே

ஜப்பானியக் கார் என்றாலே தொல்லை தராது என்ற பெயரை உலகமெங்கும் சம்பாதித்துக் கொடுத்ததில் பெரும் பங்கு டொயோட்டாவுக்கும் ஹோண்டாவுக்கும்தான். மாஸ்டாவுக்கும் சுபாருவுக்கும் ரசிகர்கள் சேர்ந்த காரணம் வேறு. இரண்டும் சிறிய கம்பெனிகள். ஊரே நேர்வரிசை பிஸ்டன் இன்ஜினில் போய்க்கொண்டிருந்தபோது, ஆளுக்கொரு வித்தியாசமான இன்ஜினைப் பிடித்துக்கொண்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விடவில்லை. மாஸ்டா பிடித்தது ரோட்டரி, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் இன்ஜின். சுபாரு பிடித்தது பாக்ஸர், பிஸ்டன்கள் எதிரெதிரே படுத்திருக்கும் இன்ஜின். எது சிறந்தது என்று கேட்டால் பழைய கார் வாங்குபவருக்கு ஒரு பதிலும், கார் வரலாற்றை ரசிப்பவருக்கு வேறு பதிலும்தான் சொல்ல முடியும்.

கார்க்கில் தொடங்கியவர், விமானத்தில் தொடங்கியவர்

மாஸ்டா 1920-இல் ஹிரோஷிமாவில் கார்க் தயாரிக்கும் கம்பெனியாகப் பிறந்தது. அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற ஜுஜிரோ மாட்சுடா அதை இயந்திரங்கள் பக்கம் திருப்பினார். 1931-இல் மூன்று சக்கர லாரி வந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது, இடையில் இருந்த ஹிஜியாமா குன்று தொழிற்சாலையைப் பெருமளவு காப்பாற்றியது. நகரின் அரசுக் கட்டடங்கள் அழிந்துபோனதால் மாகாண நிர்வாகமே சில காலம் அந்த வளாகத்துக்குள் இயங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் மூன்று சக்கர வண்டி உற்பத்தி மறுபடி தொடங்கிவிட்டது. (இந்தியாவில் இந்தப் பெயர் பரவியது காரால் அல்ல, 1983-இல் தொடங்கிய சுவராஜ் மாஸ்டாவின் வேன்களாலும் சிறு லாரிகளாலும்.)

சுபாருவின் வேர் குன்மா மாகாணத்தின் ஓட்டாவில் இருந்த நகாஜிமா விமானக் கம்பெனி. போருக்குப் பிறகு அதைப் பன்னிரண்டு துண்டுகளாகப் பிரித்தார்கள். அவற்றில் ஐந்து 1953-இல் சேர்ந்து ஃப்யூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் ஆனது. முத்திரையில் இருக்கும் கார்த்திகைக் கூட்டத்தின் ஆறு நட்சத்திரங்களில் பெரியது இந்தப் புதிய கம்பெனி, சிறியவை ஐந்தும் அதில் கலந்தவை. விமானம் செய்த கைகள் 1958-இல் சுபாரு 360 என்ற சின்னஞ்சிறு காரைச் செய்தன. கம்பெனியின் பெயரே சுபாரு என்று மாறியது 2017-இல்தான்.

ஏன் இந்த இன்ஜின்?

1960-களின் தொடக்கத்தில் சின்னச் சின்னக் கார் கம்பெனிகளைப் பெரியவற்றோடு இணைக்க ஜப்பானிய அரசு முனைந்தது. தன்னிடம் மட்டுமே ஒரு தொழில்நுட்பம் இருந்தால் தனியாகப் பிழைக்கலாம் என்று மாஸ்டா கணக்குப் போட்டது. 1961-இல் ஜெர்மனியின் என்எஸ்யு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, வான்கெல் எனப்படும் ரோட்டரி இன்ஜினின் உரிமத்தை வாங்கியது. கெனிச்சி யமாமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் உட்கார்ந்தார்கள். சோதனை இன்ஜின்கள் ஓட ஓட, ரோட்டர் சுழலும் கூடான ஹவுசிங்கின் உள்சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்தது. ‘பேயின் நகக்கீறல்’ என்று பெயர் வைத்தார்கள். முக்கோண ரோட்டரின் மூன்று முனைகளிலும் இடைவெளியை அடைக்கும் ஏபெக்ஸ் சீல் அதிர்ந்து அதிர்ந்து சுவரைக் கொத்தியதுதான் காரணம். கார்பனையும் அலுமினியத்தையும் சேர்த்துச் செய்த சீல் அதைத் தீர்த்தது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது: 491 சிசி ரோட்டர் இரண்டு, 110 குதிரைத்திறன்.

சுபாருவின் முடிவில் இத்தனை நாடகம் இல்லை. 1966-இல் வந்த சுபாரு 1000-க்கு முன்சக்கர இழுவையும், குட்டையான இன்ஜினும், அதிர்வில்லாத ஓட்டமும் வேண்டியிருந்தன. படுத்த நிலையில் இரண்டு பக்கமும் பிஸ்டன் வைத்தால் எதிரெதிர் பிஸ்டன்கள் ஒன்றின் உதறலை மற்றொன்று தின்றுவிடும், எடையும் தாழ்வாக உட்காரும். இன்ஜினை நீளவாக்கில் வைத்ததன் உண்மையான பலன் பிறகுதான் கிடைத்தது. பனிமலைப் பகுதியில் மின்கம்பி பராமரிக்கும் டோஹோக்கு மின்சாரக் கம்பெனி, ஜீப்பை விட வசதியான ஒரு நான்கு சக்கர இழுவை வண்டி கேட்டது. சுபாருவில் கியர்பாக்ஸின் பின்னாலிருந்து நேராக ஒரு ஷாஃப்ட் இழுத்தால் வேலை முடிந்தது. இடது வலது ஆக்ஸில் ஷாஃப்ட்களும் ஒரே நீளம். 1972-இல் லியோனே நான்கு சக்கர இழுவையோடு விற்பனைக்கு வந்தது.

இந்த இடத்தில் சுபாரு முந்திவிட்டது என்பது என் கணிப்பு. பாக்ஸர் தன்னைத் தவிர இன்னொன்றையும் விற்றுக்கொடுத்தது. பனியில் வழுக்காத கார் வேண்டும் என்று வந்த ஆசிரியரும் விவசாயியும் பானட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. ரோட்டரிக்கு அப்படி ஒரு கூட்டாளி கிடைக்கவில்லை.

1973 எண்ணெய் நெருக்கடி வந்தது. அமெரிக்க அரசின் அளவீட்டில் மாஸ்டா ரோட்டரி கேலனுக்கு 10, 11 மைல்தான் கொடுத்தது. நம் கணக்கில் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர். விற்பனை விழுந்தது, சுமிட்டோமோ வங்கி வந்து தாங்கியது, தொழிற்சாலை ஆட்களையே ஷோரூமுக்கு அனுப்பி கார் விற்கச் சொன்னார்கள். 1979-இல் ஃபோர்டு பங்கு வாங்கியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஆர்எக்ஸ்-7 வந்திருந்தது. குடும்பக் காரில் தோற்ற ரோட்டரிக்கு ஸ்போர்ட்ஸ் காரில் இடம் கிடைத்தது.

பந்தயம்

1991 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டாவின் 787பி கார், 362 சுற்று ஓடி முதலிடம் பிடித்தது. வைட்லர், ஹெர்பர்ட், காஷோ மூவரும் ஓட்டினார்கள். அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானியக் கம்பெனி மாஸ்டா. போட்டிக் கார்கள் 1,000 கிலோ இருக்க வேண்டிய நிலையில் 787பி 830 கிலோவில் ஓட விதி இடம் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அடுத்த கட்ட விதிகளில் ரோட்டரிக்கு இடமே இல்லை.

சுபாரு மண்ணிலும் பனியிலும் ஓடும் உலக ராலிப் போட்டிக்குப் போனது. 1995, 96, 97 மூன்று ஆண்டும் தயாரிப்பாளர் பட்டம். ஓட்டுநர் பட்டம் 1995-இல் மெக்ரே, 2001-இல் பர்ன்ஸ், 2003-இல் சோல்பெர்க். ராலியில் ஓடியதும் கடையில் விற்றதும் இம்ப்ரெஸா என்ற ஒரே கார், அதே வடிவம், அதே அமைப்பு என்பதால் ராலி வெற்றி நேரடியாக ஷோரூம் விற்பனை ஆனது. லெ மான் வெற்றியால் மாஸ்டாவுக்குப் புகழ் வந்த அளவு பணம் வரவில்லை.

ரோட்டரி: என்ன கெடும், எதைப் பார்க்க வேண்டும்

அலுமினிய ஹவுசிங், வார்ப்பிரும்புத் தட்டு, மறுபடி ஹவுசிங் என்று இட்லித் தட்டுபோல அடுக்கி நீளமான போல்ட்டுகளால் இறுக்கியதுதான் இந்த இன்ஜின். வால்வு இல்லை, அதைத் திறக்கும் கேம் தண்டும் இல்லை. ஆனால் எரிகிற அறை நீளமாக, ஒல்லியாக, நகர்ந்துகொண்டே இருக்கிறது. சுவரின் பரப்பு அதிகம் என்பதால் சூடு வீணாகிறது, ஓரத்துப் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. பெட்ரோல் தாகத்துக்கு அதுதான் காரணம். சீல் தேயாமலிருக்க இன்ஜினே கொஞ்சம் ஆயிலை அறைக்குள் தெளித்து எரிக்கும். ஆகவே ஆயில் இறங்குவது கோளாறு அல்ல. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக் பார்த்தாக வேண்டும்.

2003 முதல் 2012 வரை வந்த ரோட்டரி கார் ஆர்எக்ஸ்-8 இன்று மலிவாகக் கிடைக்கிறது. மலிவுக்குக் காரணம் உண்டு. வாங்குமுன் கம்ப்ரஷன் எண், அதாவது அறைக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்ற அளவு, கேளுங்கள். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் உதவாது. ரோட்டரின் மூன்று முகங்களில் உயர்ந்த ஒன்றை மட்டுமே அது காட்டும். ரோட்டரிக்கென்று உள்ள மின்னணு டெஸ்டரால், இன்ஜின் சூடாக இருக்கும்போது, பேட்டரி முழு சார்ஜில், திராட்டிலைத் திறந்து எடுக்க வேண்டும். 250 ஆர்பிஎம்-க்குத் திருத்திய அளவில் புதியது 830 கிலோபாஸ்கல், கீழ் எல்லை 680. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150-க்கு மேல் வித்தியாசமோ, இரண்டு ரோட்டருக்கு இடையே 100-க்கு மேல் வித்தியாசமோ இருந்தால் விலையில் இன்ஜினைப் பிரித்துக் கட்டும் ரீபில்ட் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். டெஸ்டர் கிடைக்காத ஊரில் ஒரு எளிய சோதனை: நன்றாக ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். நீளமாகச் சுற்றிய பிறகே பிடித்தால் சீல் களைத்துவிட்டது.

ஆர்எக்ஸ்-8-ஐக் கொல்லும் இன்னொன்று பிளக்குக்கு மின்பொறி தரும் இக்னிஷன் காயில். காயில் சோர்ந்தால் மிஸ்ஃபையர் ஆகும், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரியும், அது உருகி அடைத்துக்கொள்ளும், பின்னழுத்தத்தில் இன்ஜின் வேகும். நான்கு காயில், நான்கு வயர், நான்கு பிளக் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே புத்தி. ஒவ்வொரு ரோட்டருக்கும் உள்ள லீடிங், டிரெய்லிங் என்ற இரண்டு பிளக்குகளும் வெவ்வேறு. இடம் மாற்றிப் போட்டுவிட்டு வண்டி இழுக்கவில்லை என்று தேடுபவர்கள் உண்டு.

குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, ஷெட்டிலிருந்து வாசலுக்கு நகர்த்தி, உடனே அணைக்கக் கூடாது. பெட்ரோல் தேங்கிச் சீலின் ஆயிலைக் கழுவிவிடும். அடுத்த முறை பிடிக்காது. அப்படி ஆனால் ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்துக்கொண்டு ஐந்து, பத்து விநாடி சுற்றுங்கள். அந்த நிலையில் பெட்ரோல் வராது, உள்ளே இருப்பது வெளியேறும். அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றிக் காயவைத்து, ஓட்டை வழியே சில சொட்டு ஆயில் விட்டு மறுபடி முயல வேண்டும்.

1991-இல் தொடங்கிய, எஃப்டி எனப்படும் தலைமுறை ஆர்எக்ஸ்-7 அழகில் இவற்றையெல்லாம் மிஞ்சும். அதில் முதலில் மாற்ற வேண்டியது, கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் டாங்க். அது வெடித்துக் கூலன்ட் போனால் அலுமினியமும் இரும்பும் வேறு வேறு அளவில் விரிந்து, நடுவில் உள்ள வாட்டர் சீல் போய்விடும். பிறகு காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகைதான்.

பாக்ஸர்: அதன் வியாதிகள்

சுபாருவின் இஜே இன்ஜின் 1989-இல் லெகசி காரோடு வந்தது. அந்த ஆண்டே அரிசோனாவில் 1,00,000 கிலோமீட்டரை மணிக்கு சராசரி 223 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிச் சாதனை வைத்தது. இரண்டு லிட்டர் இஜே உழைக்கும். தொல்லை இரண்டரை லிட்டரில். சிலிண்டர் மையங்களுக்கு இடையே தூரம் 113 மிமீ. இரண்டு லிட்டரின் துளை 92 மிமீ, இரண்டரையில் 99.5. ஆக இரண்டு சிலிண்டருக்கு நடுவே, சிலிண்டருக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் உட்கார 21 மிமீ இருந்த இடம் 13.5 ஆகச் சுருங்கியது.

1990-களின் இரட்டை கேம் இரண்டரையில் கேஸ்கெட் உள்ளுக்குள் கசியும். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்து, ரிசர்வ் டாங்கில் குமிழி வரும், மேட்டில் ஏறும்போது சூடு ஏறும். கூலன்ட்டில் அந்த வாயு இருக்கிறதா என்று காட்டும் நீலத் திரவச் சோதனையில் நிறம் மஞ்சளானால் உறுதி. பின்னால் வந்த ஒற்றை கேம் இன்ஜினில் வெளியே கசியும்: ஹெட்டின் கீழ் விளிம்பில் ஆயிலும் கூலன்ட்டும் கசிந்து எக்ஸாஸ்டில் விழுந்து தீயும் வாடை. தீர்வு ஒன்றே. இன்ஜினை இறக்கி, இரண்டு ஹெட்டையும் முகம் தேய்த்து, டர்போ மாடல்களுக்கான பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போடுவது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறு பக்கத்துக்காக மறுபடி இறக்க நேரும்.

இறக்கிய கையோடு டைமிங் பெல்ட், டென்ஷனர், ஐட்லர்கள், வாட்டர் பம்ப் மாற்றிவிடுங்கள். ஜப்பானில் பெல்ட்டின் கெடு 1,00,000 கிமீ. பெல்ட் நல்லதாக இருந்தும் ஐட்லர் பேரிங் சிக்கி வால்வு வளைந்த இன்ஜின்கள் நிறைய. கூலன்ட் நிரப்பும்போது ரேடியேட்டர் மூலையில் உள்ள காற்றுத் திருகைத் திறந்து மெதுவாக ஊற்ற வேண்டும். படுத்த இன்ஜினில் காற்று சிக்கினால் புதுக் கேஸ்கெட்டும் ஒரே நாளில் வெந்துவிடும்.

இம்ப்ரெஸாவின் வேக மாடலான, டர்போ இரண்டரை லிட்டர் எஸ்டிஐ வாங்குபவர் பயப்பட வேண்டியது பிஸ்டனில் ரிங்குகளைத் தாங்கும் ரிங் லேண்ட் உடைவதற்கு. டியூனிங் செய்த வண்டியில் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் வந்தால் நாலாவது சிலிண்டர் முதலில் போகும். யாரோ இன்ஜின் கம்ப்யூட்டரின் ‘மேப்’ மாற்றிய எஸ்டிஐயை விட, கம்பெனி நிலையில் உள்ள டர்போ இல்லாத ஃபாரஸ்டர் எத்தனையோ மேல்.

2010-இல் வந்த எஃப்பி இன்ஜினில் பெல்ட்டுக்குப் பதில் செயின். துளையும் சுருங்கியது. தொடக்க ஆண்டுகளில் சில ஆயில் குடித்தன. அமெரிக்காவில் வழக்கு வரை போய் வாரண்டியை நீட்டினார்கள். நான்கு சக்கர இழுவை என்பதால் டயர் நான்கும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். சுற்றளவில் 6 மிமீக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பங்கிடும் நடு டிஃபரன்ஷியல் தேயும். ஒரு டயர் பஞ்சர் ஆகிக் கிழிந்தால் நான்கையும் மாற்றும் செலவு வரும் என்று பட்ஜெட்டில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

யாருக்கு எது

தினசரி ஓட்ட, மழை, மலை, குழந்தைகள் என்றால் எஃப்பி இன்ஜின் சுபாரு. இதில் தயக்கம் இல்லை. ரோட்டரி இரண்டாவது காராக மட்டும், கம்ப்ரஷன் சீட்டு கையில் இருந்தால் மட்டும்.

ஆனால் மாஸ்டா என்றால் ரோட்டரி மட்டுமே என்று நினைப்பது தவறு. 1989-இல் வந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் எம்எக்ஸ்-5, சாதாரண பிஸ்டன் இன்ஜினோடு, 2016-க்குள் பத்து லட்சத்தைத் தாண்டியது. சுபாருவின் பிஆர்இசட் அதற்கு நேர்ப் போட்டி. வேடிக்கை என்னவென்றால் அது பின்சக்கர இழுவை. ஓட்டும் சுகத்துக்கு என் ஓட்டு எம்எக்ஸ்-5-க்கு: இன்றைய தலைமுறை 2015-இல் வந்தபோது ஜப்பானில் அதன் எளிய மாடல் 990 கிலோதான் இருந்தது. 1989–91 வண்டிகளில் கிராங்கின் முன்முனை குட்டை. புல்லி ஆடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பின்சீட்டும் பெரிய டிக்கியும் வேண்டுமென்றால் பிஆர்இசட்.

இரண்டு கம்பெனியிலும் இன்று டொயோட்டாவுக்குப் பங்கு உண்டு. சுபாருவில் 20 சதவீதம், மாஸ்டாவில் சுமார் 5. 2024 மே மாதம் மூன்றும் ஒரே மேடையில் நின்று, அவரவர் இன்ஜினை மின்காலத்துக்கு ஏற்றபடி தொடர்வோம் என்றன. சுபாரு அந்த ஆண்டே பாக்ஸரோடு டொயோட்டா ஹைப்ரிட் நுட்பத்தைச் சேர்த்துச் சாலைக்குக் கொண்டுவந்தது. மாஸ்டா 2023-இல் எம்எக்ஸ்-30 காரில் 830 சிசி ஒற்றை ரோட்டரை ஜெனரேட்டராக வைத்தது. சக்கரத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது மட்டும் வேலை. பக்கத் தட்டுகள் அலுமினியம் ஆகிவிட்டன, ஏபெக்ஸ் சீல் 2 மிமீயிலிருந்து 2.5 ஆகத் தடித்திருக்கிறது. 9,000 ஆர்பிஎம் வரை பாடிய ஆர்எக்ஸ்-8-ஐ நினைத்து இதை வாங்கப் போகிறவர் முதலில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கட்டும்.