படைப்புழுவுக்கு ஒட்டுண்ணி அட்டையா, மருந்துத் தெளிப்பா?

மக்காச்சோளக் குருத்தைப் பிரித்தால் ஈர மரத்தூள் மாதிரி எச்சம், அதற்கடியில் சுருண்டு கிடக்கும் புழு. தலையில் தலைகீழ் 'ஒய்' குறி, வால் பக்கம் சதுரமாக 4 கரும்புள்ளிகள் இருந்தால் அது படைப்புழுதான். இந்த நிலையில் ஒட்டுண்ணி அட்டை, அதாவது குட்டிக் குளவிகள் வெளிவரும் பூச்சி முட்டைகள் ஒட்டிய காகித அட்டை, கட்டுவது வீண். டிரைக்கோகிரம்மா என்ற அந்தக் குளவி 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. அது பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடுமே தவிர, புழுவைத் தொடாது. படைப்புழுவின் தாயான அந்துப்பூச்சி இட்ட முட்டையோ 2, 3 நாளில் பொரித்துவிடும். ஆகவே பெண் பூச்சியின் வாசனை காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் பூச்சி விழ ஆரம்பித்ததும் அட்டை வயலில் இருக்க வேண்டும். இன்னொரு சிக்கல், முட்டைக் குவியலைத் தாய்ப்பூச்சி செதில்களால் மூடிவிடுகிறது. அடர்ந்த மூடலைத் தாண்ட டிரைக்கோகிரம்மா திணறும். டெலினோமஸ் என்ற இன்னொரு முட்டை ஒட்டுண்ணிக் குளவி அடியிலுள்ள முட்டைவரை போய்விடும். கிடைத்தால் அதுதான் என் தேர்வு.

தெளிப்பு வேகமானது, சரி. ஆனால் இலைமேல் பரவலாக அடித்தால் காசுக்குக் கேடு. மாலையில், குருத்துக்குள் இறங்கும்படி, புழு சிறிதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். பெரிய புழுவுக்கு அதன் எச்சமே அடைப்பாகிக் காப்பாற்றிவிடும்.

இரண்டையும் ஒரே வாரத்தில் செய்பவர்களும் உண்டு. மருந்து பட்டால் குளவிதான் முதலில் சாகும்.