850 நானோமீட்டர் எல்இடி என்று சொல்லி 940 தள்ளிவிட்டார்கள்: 3,890 ரூபாய் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) எல்இடி வாங்கப் போகிறவர்கள் மட்டுமாவது முழுசாகப் படித்துவிடுங்கள்.

எங்கள் ஏரியா பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சிக்காக மல்டிடச் மேஜை, அதாவது பல விரல்கள் ஒரே நேரத்தில் தொட்டாலும் உணரும் மேஜை ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். பழைய வித்தைதான், 2006-ல் ஜெஃப் ஹான் என்ற ஆராய்ச்சியாளர் டெட் (TED) மாநாட்டு மேடையில் செய்து காட்டியது. 10 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டின் விளிம்பு வழியாக அகச்சிவப்பு ஒளியை உள்ளே விட்டால், அது வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே மோதி மோதிப் போகும். மேலே விரல் வைத்த இடத்தில் மட்டும் ஒளி சிதறிக் கீழே இறங்கும். அடியில் இருக்கும் கேமராவுக்கு அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அவ்வளவுதான்.

இதில் எல்லாமே எல்இடியின் அலைநீளத்தில்தான் இருக்கிறது. சாதாரண வெப்கேமின் சென்சார் 850 நானோமீட்டரை நன்றாகவே பார்க்கும். 940-க்குப் போனால் உணர்திறன் வெகுவாகக் குறைந்துவிடும். அறை வெளிச்சம் தொந்தரவு செய்யாமல் இருக்க, 850-ஐ மட்டும் உள்ளே விடும் ஃபில்டரை கேமரா முன்னால் ஏற்கெனவே மாட்டிவைத்திருந்தேன். ஆக 850 தவிர வேறு எது வந்தாலும் குப்பைதான்.

எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. பேர் வேண்டாம், புகார் போயிருக்கிறது. அவர்கள் இணையப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 850 என்று போட்டு, கீழே ஒரு பெரிய கம்பெனியின் அசல் டேட்டாஷீட்டையும் (தொழில்நுட்ப விவரத் தாள்) இணைத்திருந்தார்கள். அப்படியும் விடாமல் வாட்ஸ்அப்பில் கேட்டேன்: "940 வந்தால் எனக்குப் பிரயோஜனமில்லை, உறுதியாக 850-தானே?" உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. "சார், நானும் இன்ஜினியர்தான். மல்டிடச் ப்ராஜெக்ட்டுக்கு எங்ககிட்டதான் எல்லா காலேஜ் பசங்களும் வாங்குறாங்க. கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க." நான் சொல்லாமலே டேட்டாஷீட்டில் இருந்த, ஒளி விரியும் கோணக் கணக்கையெல்லாம் எடுத்துப் பேசினார். இவ்வளவு விஷயம் தெரிந்த ஆள் ஏமாற்றுவாரா? 100 எல்இடி, ஒன்று 38 ரூபாய், கூரியர் 90. மொத்தம் 3,890 ரூபாய் யுபிஐயில் போனது.

வந்தது வெறும் பிளாஸ்டிக் கவர். லேபிள் கிடையாது, பார்ட் நம்பர் கிடையாது. ஏழு ஏழாக சீரியலில் கோத்து, 12 வோல்ட்டுக்கு வரிசைக்கொரு 33 ஓம் ரெசிஸ்டர் போட்டு, பதினான்கு வரிசையையும் சால்டர் செய்து முடித்தேன். 850 எல்இடிக்கு ஆளுக்கு 1.45 வோல்ட் என்று வைத்தால், 55 மில்லி ஆம்பியர் பக்கம் ஓட வேண்டும். மீட்டரில் பார்த்தால் 80-க்கு மேல்! ரெசிஸ்டர் கையை வைக்க முடியாமல் சுடுகிறது. ஒவ்வொரு எல்இடியிலும் 1.3 வோல்ட்தான் விழுகிறது. 940 எல்இடியின் குணம் அது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். 850 என்றால் இருட்டில் லேசாகச் சிவப்பு தெரிய வேண்டும், துளிகூட இல்லை. கேமராவில் விரல் புள்ளியே வரவில்லை. ஃபில்டரைக் கழற்றியதும் மங்கலாக வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அதே இன்ஜினியரிடம் போனேன். "அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது சார், அதான் தெரியலை." எனக்கே பாடம்! மீட்டர் அளவை அனுப்பினேன். "மொபைல் கேமராவுல பாருங்க, எரியுதா? எரிஞ்சா பீஸ் ஓகே." டிவி ரிமோட்டும்தான் மொபைல் கேமராவில் எரியும் ஐயா, அதில் இருப்பது பெரும்பாலும் 940! எரிகிறதா என்பது கேள்வியே இல்லை, எந்த அலைநீளத்தில் எரிகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு மட்டும் பதில் வரவில்லை. அப்புறம் "உங்க கேமரா கோளாறு" என்றார்கள். அப்புறம் "சால்டர் பண்ணின பொருளை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்றார்கள். சால்டர் பண்ணாமல் பூஜை அறையில் வைத்துக் கும்பிடவா வாங்கினேன்? கடைசியில் நீல டிக் மட்டும் விழுகிறது, பேச்சு மூச்சு இல்லை. மெயிலில் கொடுத்த புகாரை "தீர்க்கப்பட்டது" என்று அவர்களே மூடிவிட்டார்கள். யாருக்குத் தீர்ந்தது? 3,890 ரூபாய் என்னிடம் திரும்பி வரவில்லையே!

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: பார்ட் நம்பர் அச்சடித்த பாக்கெட் இல்லையென்றால் வாங்காதீர்கள். முதலில் ஐந்து, பத்து மட்டும் வரவழைத்து இருட்டில் எரித்துப் பாருங்கள், சிவப்பு தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மல்டிமீட்டரில் வோல்ட்டேஜ் பாருங்கள். கவர் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள், நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தபோது அதுதான் கையில் இருந்த ஆதாரம்.

அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் 850 என்றுதான் போட்டிருக்கிறது, "ஸ்டாக் உள்ளது" என்று வேறு. 3,890 ரூபாய் திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.