வெற்றிமாறன் படங்கள்: பெரியவர்கள் வரிசையில் இடம் உண்டா?

‘பொல்லாதவன்’ (2007) தொடங்கி ‘விடுதலை’ இரண்டாம் பாகம் (2024) வரை ஓடிடியில் வரிசையாகப் பார்த்து முடித்தேன். என் கேள்வி ஒன்றுதான். இயக்குநர் வெற்றிமாறனை அவருடைய குரு பாலு மகேந்திராவுக்கும் இயக்குநர் மகேந்திரனுக்கும் பக்கத்தில் உட்கார வைக்கலாமா?

‘விசாரணை’ ஒன்றுக்காகவே வைக்கலாம் என்பேன். மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலிலிருந்து எடுத்த படம். முதல் பாதியில் விழும் அடியைவிட, அடிக்கிற போலீஸ்காரர்களின் அலட்சியம்தான் பயமுறுத்துகிறது; அவர்களுக்கு அது அன்றாட வேலை. இரண்டாம் பாதியில், காப்பாற்றியவரே கையாலாகாமல் நிற்பார். அந்த வேடத்தில் நடித்த சமுத்திரக்கனிக்குத் தேசிய விருது கொடுத்தது சரிதான்.

‘ஆடுகளம்’ இன்றும் சூடு ஆறவில்லை. சிஷ்யன் மேல் சேவல் சண்டை குரு பேட்டைக்காரனுக்கு வரும் பொறாமையைப் படிப்படியாக ஏற்றியிருக்கும் விதம், அடடா!

இவர் படங்களில் குறை இல்லாமல் இல்லை. உதடு ஒன்று சொல்ல, டப்பிங் குரல் வேறொன்று சொல்கிறது. ‘விடுதலை’ முதல் பாகத்தின் ரயில் விபத்துக் காட்சியில் கேமராவை அவ்வளவு நம்பியவர், இரண்டாம் பாகத்தில் பேசிப் பேசியே களைப்பாக்குகிறார். மகேந்திரனின் மௌனம் இவருக்கு இன்னும் கைவரவில்லை. அதனால் நாற்காலி உண்டு, ஆனால் ஓரத்தில்.

புதிதாகப் பார்ப்பவர்கள் ‘ஆடுகள’த்தில் தொடங்குங்கள். ‘விசாரணை’யைச் சாப்பிட்டு முடித்த கையோடு மட்டும் பார்க்காதீர்கள்.