நமீபியா பாலைவனத்தில் நீங்களே வண்டி ஓட்டுங்கள்: விண்ட்ஹூக் முதல் ஸ்வாகோப்முண்ட் வரை

நமீபியா போகிறவர்கள் டூர் பஸ்ஸில் ஏறாதீர்கள், வாடகைக்கு ஒரு ஃபோர் வீல் டிரைவ் எடுத்து நீங்களே ஓட்டுங்கள். 8 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம், ஆனால் மக்கள் சுமார் 30 லட்சம்தான், அதனால் எதிரே ஒரு வண்டியும் வராமல் ஒரு மணி நேரம் ஓட்டுவதெல்லாம் அங்கே சாதாரணம். நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்கி நிற்க முடிவதுதான் இந்தப் பயணத்தின் சுகமே, பஸ்ஸில் அது கிடைக்காது.

நாங்கள் தலைநகர் விண்ட்ஹூக்கில் எடுத்தது டொயோட்டா ஹைலக்ஸ். கூரைமேல் மடக்குக் கூடாரம், பின்னால் ஃப்ரிட்ஜ், கேஸ் அடுப்பு எல்லாம் அதிலேயே இருந்தன, வண்டியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாடகைக் கம்பெனி அதை ஒப்படைத்த விதம் மோசம். காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடவில்லை, ஸ்டெப்னி தேய்ந்து கிடந்தது, இரண்டையும் நாங்கள் சோதித்துக் கேட்ட பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள். கூர்மையான சரளைக்கல்லில் டயர் போவது சகஜமான ஊரில் இது சின்ன விஷயமே இல்லை. இன்சூரன்ஸையும் பொறுமையாகப் படியுங்கள்: டயருக்கும் கண்ணாடிக்கும் பெரும்பாலும் தனிக் கட்டணம், வேறு வண்டி மோதாமல் தானாகக் கவிழ்ந்தால் பல பாலிசிகளில் ஒன்றும் கிடைக்காது.

கவிழ்வது சும்மா பயமுறுத்தச் சொல்வதல்ல. ரெஹோபோத் தாண்டித் தார் முடிந்ததும் சரளைச் சாலை ஆரம்பிக்கிறது, அகலமாக, நேராக, ஆளில்லாமல் கிடப்பதால் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும், அதோடு நம் ஊர் போலவே இடது பக்கம் ஓட்டுவதால் தைரியமும் கூடிவிடும், ஆனால் வளைவில் பின்சக்கரம் ஒரு முறை வழுக்கினால் தெரியும். சட்டப்படி 100 வரை போகலாம், 80ஐத் தாண்டாதீர்கள். டயர் காற்றை 26 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் வண்டி நன்றாகப் பிடித்து ஓடும், அதிர்வும் குறையும்.

சோசஸ்ஃப்ளே மணல்மேடுகளுக்கு செஸ்ரிமில் தேசியப் பூங்காவுக்கு உள்ளேயே இருக்கும் முகாமில் தங்குங்கள், விலை கூடுதல்தான், ஆனால் வெளியே தங்குபவர்களுக்கு முன்பே, விடியும் முன்னரே உங்களை விடுவார்கள். அங்கிருந்து 60 கிலோமீட்டர் தார், கடைசி 5 கிலோமீட்டர் ஆழமான மணல். மணல் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் ஷட்டில் வண்டி இருக்கிறது, அதில் போய்விடுங்கள். பக்கத்திலுள்ள டெட்ஃப்ளேயில் வெள்ளைக் களிமண் தரையில் பல நூறு வருஷம் முன்பு பட்டுப்போன வேல மரங்கள் இன்னும் நிற்கின்றன, மக்கிப் போகக்கூட அங்கே ஈரமில்லை. படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் நேரில் பார்த்தே ஆக வேண்டிய இடம்.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து வந்த சி14 சாலைதான். சொலிட்டேரில் டீசல் போட்டு, அந்த ஊரின் பேர்போன ஆப்பிள் பையையும் சாப்பிட்டுக் கிளம்பினால், மகர ரேகைப் பலகை, கௌப் கணவாய், அப்புறம் குயிசெப் கணவாய். இரண்டாம் உலகப் போரின்போது இரண்டு ஜெர்மன் நிலவியலாளர்கள் தடுப்புக் காவலுக்குப் பயந்து இந்தக் குயிசெப் பள்ளத்தாக்கில்தான் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒளிந்து வாழ்ந்தார்கள். மேலிருந்து அந்தக் கற்பாறை மடிப்புகளைப் பார்க்கும்போது, இங்கே தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்வி மனதை விட்டுப் போகவே இல்லை. அதைத் தாண்டினால் ஒரே பொட்டல்வெளி, பயணம் முடியும் கடலோர ஊரான ஸ்வாகோப்முண்டை நெருங்க நெருங்க வெயில் அடங்கிக் குளிர்ந்த மூடுபனி வண்டியைச் சூழ்ந்துகொள்கிறது. குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் வரும் பனி இது, மழையே இல்லாத இந்த மணலில் வண்டுகள் வரை அதைக் குடித்துத்தான் உயிர் வாழ்கின்றன.

மூன்று நான்கு நாள்தான் லீவு என்றால் இந்தப் பயணம் வேண்டாம், அவசரமாக ஓட்டக்கூடிய சாலைகள் இல்லை இவை. இருட்டிய பிறகும் ஓட்டாதீர்கள், ஓரிக்ஸும் குடு மான்களும் திடீரென்று குறுக்கே வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலைவன இரவு கடுங்குளிர் என்பதால் கம்பெனி தரும் போர்வையோடு இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் பங்க் எங்கே பார்த்தாலும் டேங்கை நிரப்புங்கள், கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும், தென்னாப்பிரிக்க ராண்டும் அங்கே செல்லும். நான் மறுபடி போவேன், இதே மாதிரி வண்டியில், ஆனால் வேறு கம்பெனியிடம் எடுத்து.