எடை குறைப்பு யோகா வகுப்பில் ஆறு மாதங்கள்

திருச்சியில் நான் வசிக்கும் பகுதியில், ஒரு வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு நடத்தப்படும் யோகா வகுப்பில் கடந்த தை மாதம் சேர்ந்தேன். வாசலில் தொங்கும் பதாகையில் 'ஒரே மாதத்தில் 5 கிலோ குறையும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். என்னைப் போலவே அங்கு வருபவர்களில் பெரும்பாலோர் அந்த வரியைப் பார்த்துத்தான் படியேறியிருப்பார்கள் என்பதால், முதலில் அந்த வாக்குறுதியையே எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சேர்ந்த அன்று மாலை ஆறரை மணிக்கு, சிற்றுண்டி முடித்த வயிற்றோடும், இடுப்பு பெல்ட்டோடும், சட்டைப்பையில் கைப்பேசியோடும் என்னை எடை இயந்திரத்தில் ஏற்றினார்கள், 79.2 கிலோ காட்டியது. ஒரு மாதம் கழித்து, விடியற்காலையில் வெறும் வயிற்றோடும் மெல்லிய பருத்தி உடையோடும் ஏறியபோது 77.1 காட்டியது. இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டதாக எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டில் அதே இரண்டு நாட்களிலும் காலையில் எழுந்தவுடன் நான் குறித்து வைத்த எடையோ 77.6, 77.3. இதை ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேர்க்கை மாலையிலும் வகுப்பு காலையிலும் நடப்பது அங்கு வழக்கம். ஆனால் அந்த வழக்கம் யாருக்குச் சாதகமாக இருக்கிறது என்பதையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

கணக்கும் பதாகைக்கு இடம் கொடுப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை 1 என்று கொண்டால், ஹட யோகப் பயிற்சிக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் அளவு 2.5, மிதமான வேகத்தில் நடப்பதற்கே அது 3.5. என் எடையில் ஒருவர் ஒரு மணி நேரம் ஆசனங்கள் செய்தால் ஏறத்தாழ 190 கலோரி செலவாகும். சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியதைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 115. உடலில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி என்பதால், வாரம் ஆறு நாள் தவறாமல் வந்தாலும் ஒரு கிலோ கரைய இரண்டரை மாதம் பிடிக்கும். ஐந்து கிலோவுக்கு ஓர் ஆண்டுக்கும் மேல். அதுவும், வகுப்பு முடிந்த கையோடு எங்களில் பாதிப் பேர் எதிர்க் கடையில் நெய்ப்பொங்கலும் வடையும் சாப்பிடாமல் இருந்தால்தான்.

வாக்குறுதியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கற்பிக்கும் முறையில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பஸ்சிமோத்தாசனத்தில் குனியவிடாமல் என் தொப்பை தடுத்தபோது, ஆசிரியர் முதுகைப் பிடித்து அழுத்தவில்லை. இடுப்புக்கு அடியில் ஒரு போர்வையை மடித்து வைத்து, ஒரு துண்டைப் பாதங்களில் மாட்டி, அதன் இரு நுனிகளையும் என் கையில் கொடுத்தார். "விரல் எட்டுதான்னு பார்க்காதீங்க சார், மூச்சு அடைக்காம போகுதான்னு பாருங்க" என்றார். மூன்றாம் மாத இறுதியில் அந்தத் துண்டு தேவைப்படவில்லை. கால்களை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தையும் முதலில் சுவரில் சாய்ந்துதான் செய்ய வைத்தார்.

ஆசிரியர் வராத நாட்களில் நிலைமை வேறு. சேர்க்கைப் படிவத்தில் வயது, எடை, தொலைபேசி எண் எல்லாம் கேட்கிறார்கள்; இரத்த அழுத்தம் உண்டா, அறுவை சிகிச்சை நடந்ததா என்று ஒரு கேள்வியும் இல்லை. ஒரு நாள் உதவியாளர் எல்லோரையும் வேகவேகமாகக் கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை விசையோடு வெளிவிடும் பயிற்சி) செய்யச் சொல்ல, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பக்கத்து அம்மாவுக்குத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதியைத் தவிர்க்க வேண்டும் என்பது யோகா கற்பிப்பவர்களுக்கு அடிப்படைப் பாடம். கபாலபாதி ஹட யோக மரபில் உடலைத் தூய்மைப்படுத்தும் ஆறு கிரியைகளுள் ஒன்றுதான். வயிறு உள்ளே போய் வருவதாலேயே அங்குள்ள கொழுப்பு மட்டும் கரைந்துவிடாது. கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லி 600 ரூபாய்க்கு ஒரு சூரணமும் விற்கிறார்கள், நான் வாங்கவில்லை.

ஆறு மாத முடிவில் வீட்டு இயந்திரத்தில் என் எடை 74.9 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டரிலிருந்து 93 ஆகியிருக்கிறது. இந்திய ஆண்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் வரம்பு 90 என்பதால் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. இந்தக் குறைவில் பாதிக்கு மேல் ஆசனத்தால் வந்ததல்ல என்றே நினைக்கிறேன். ஐந்தே காலுக்கு எழ வேண்டியிருந்ததால் பத்து மணிக்குத் தூங்கப் பழகினேன். அதனால் இரவு ஒன்பதரை மணிப் பரோட்டா தானாகவே நின்று, ஏழரைக்கே இட்லியோடு சாப்பாடு முடிந்துவிட்டது. வயிறு நிறைய உண்டுவிட்டு மறுநாள் காலை புஜங்காசனத்தில் வயிறு தரையில் பட குப்புறப் படுத்துப் பார்த்தவருக்கு இதன் காரணம் விளங்கும்.

மாதக் கட்டணம் 1,500 ரூபாய். மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 4,000 தான் என்றாலும், இடையில் நின்றால் பணம் திரும்ப வராது என்பதால் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள். அங்கே கொடுக்கும் விரிப்பில் வியர்வை வாடை அடிப்பதால் சொந்த விரிப்பு கொண்டுபோவது நல்லது. மாத்திரை எதுவும் சாப்பிடுபவர்கள், கேட்காவிட்டாலும் ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். நான் அடுத்த மூன்று மாதத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். புதிதாகச் சேர்பவர்களின் எடையை மறுநாள் காலையில் எடுக்கலாமே என்று ஆசிரியரிடம் சொல்லிப் பார்த்தேன், செய்யலாம் என்றார். பதாகை இன்னும் அப்படியேதான் தொங்குகிறது.