நீலப் பேனாவா, சூட்டில் மறையும் பேனாவா, டெய்லர் சாக்கா? குவில்ட்டில் டிசைன் வரைய எது தோது

வெள்ளைப் பருத்தித் துணியில், தண்ணீரில் போகும் நீலப் பேனாவால் ஓர் இலைக்கொடி வரைந்து முழுக்கத் தைத்து முடித்திருந்தேன். துணி கொஞ்சம் கசங்கியிருந்தது. தண்ணீரில் போடும் முன் ஒரு தடவை இஸ்திரி போட்டுவிடலாமே என்று தோன்றியது, போட்டேன். நீலம் பழுப்பாகிவிட்டது. அப்புறம் எத்தனை முறை அலசியும் போகவில்லை. அந்தக் கொடி இன்றும் தையலை ஒட்டிக் காய்ந்த டீக்கறை மாதிரி கிடக்கிறது. பேனாவின் மேல் குற்றமில்லை. உறையிலேயே எச்சரிக்கை இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

அதிலிருந்து எந்த மார்க்கரை எடுத்தாலும் இரண்டே விஷயம் பார்க்கிறேன்: எது பட்டால் கோடு போகும், எது பட்டால் போகாமல் நின்றுவிடும். குவில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கை, வரைந்த கோட்டின் மேல் தைத்துச் சேர்த்த போர்வை. வரைந்த நாளுக்கும் கடைசித் தையலுக்கும் இடையில் அது மடிபடும், உரசும், சில சமயம் மாதக்கணக்கில் கூடையில் தூங்கும். அத்தனை நாளும் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும், பிறகு சுத்தமாகப் போய்விட வேண்டும். ஒவ்வொரு மார்க்கரும் இதில் ஏதோ ஒரு பக்கம் சறுக்குகிறது.

நீலமும் சூடும்

தண்ணீரில் போகும் நீலப் பேனாவைப் போலத் தெளிவான கோடு வெளிர்நிறத் துணியில் வேறெதிலும் கிடைப்பதில்லை. டிசைன் காகிதத்தை ஜன்னல் கண்ணாடியிலோ லைட் பாக்ஸிலோ ஒட்டி, மேலே துணியை வைத்து, பூ, இறகு, வளைவு எதையும் அப்படியே நகலெடுக்கலாம். வாரக்கணக்கில் மங்காது. இதற்குப் பிடிக்காதது சூடு: இஸ்திரி, வெந்நீர், வெயிலில் நிற்கும் காரின் பின்சீட் எல்லாமே ஆபத்து. சில பேனாக்களின் மை சோப்பு பட்டாலும் துணியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் அலசல் சோப்புப் போடாத பச்சைத் தண்ணீரில்தான்.

பலர் தண்ணீரை ஸ்ப்ரே அடித்துவிட்டு, கோடு மறைந்தது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். மை எங்கும் போகவில்லை, பஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது. துணி காயக் காய, ஈரத்தோடு மேலேறி வெளிறிய நீலமாக மறுபடி வந்து நிற்கும். முழுக் குவில்ட்டையும் மூழ்க வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசினால்தான் தீரும். ஆக, நனைக்கவே கூடாத குவில்ட்டில் நீலப் பேனாவை நினைக்கவே வேண்டாம்.

சூட்டில் மறையும் பேனா இதற்கு நேர் எதிர். பைலட் நிறுவனம் 2006இல் ஐரோப்பாவில் கொண்டுவந்த ஃபிரிக்ஷன் பேனா காகிதத்தில் எழுதி அழிப்பதற்கானது. தைப்பவர்கள் அதைத் துணிக்கு இழுத்துக்கொண்டார்கள். பேனாவின் பின்முனையால் காகிதத்தைத் தேய்க்கும்போது உண்டாகும் சூட்டில் மை நிறமிழக்கும். இஸ்திரிப் பெட்டி அதே வேலையை ஒரு நொடியில் செய்துவிடுகிறது, சுமார் 60 டிகிரி செல்சியஸ் போதும். பார்க்க மாயாஜாலம் மாதிரி இருக்கும், ஆனால் மை துணியிலேயேதான் இருக்கிறது. மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் நிறம் திரும்பத் தொடங்கும், மைனஸ் 20 வாக்கில் நன்றாகவே தெரியும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டுத் துணியில் வரைந்து, இஸ்திரியில் அழித்து, கவரில் போட்டு ஓர் இரவு ஃபிரீசரில் வைத்துப் பாருங்கள். கடும் பனி கொட்டும் ஊருக்குப் பரிசாக அனுப்பும் குவில்ட்டுக்கு வழியிலேயே இந்த கதி வரலாம். அடர்நிறத் துணியென்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: சில துணிகளில் நிறம் போன இடத்தில் வெளிறிய தடம் தங்கிவிடும்.

என் கணக்கு இது. துண்டு வெட்டும் கோடு, தையலுக்குள் மறையும் ஓரம், இவற்றுக்கு சூட்டுப் பேனா. மேலே தெரியும் டிசைனுக்கு, வெளிர்த் துணியானால், துவைக்கக்கூடியதானால், நீலம். இரண்டையும் ஒரே குவில்ட்டில் போட நேர்ந்தால் முதலில் நீலத்தை அலசி எடுத்து, காயவிட்டு, அதற்குப் பிறகுதான் இஸ்திரி. முறை மாறினால் என் இலைக்கொடி கதைதான்.

காற்றில் தானாக மறையும் ஊதாப் பேனாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் தாங்கும், ஈரக்காற்றடித்தால் சில மணி நேரம்கூடத் தாங்காது. காலையில் வரைந்து மதியத்துக்குள் மெஷினில் ஓட்டி முடிக்கிற சின்ன வேலைக்குச் சரி. கைத்தையலுக்கு ஆகாது.

கறுப்புத் துணியில் என்ன செய்வது

அடர்நிறத்தில் போட்டி சாக்குக்கும் சோப்புச் சில்லுக்கும் வெள்ளைப் பென்சிலுக்கும். டெய்லர் சாக் மழுங்க மழுங்கக் கோடு தடித்துவிடும், பிளேடால் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். நுனியில் குட்டிச் சக்கரம் வைத்த பொடி சாக் பேனா மெல்லிய கோடு போடும். டிசைன் வெட்டிய ஸ்டென்சில் தகடு இருந்தால், சாக்பொடி நிரப்பிய திண்டை அதன் மேலே ஒரு இழுப்பு இழுத்தால் முழு டிசைனும் துணியில் இறங்கிவிடும். ஆனால் கை உரசினால் போச்சு. அடுக்குகளைச் சேர்த்து இழையோட்டும் முன்பே சாக்கில் வரைந்து வைப்பது வீண் வேலை. துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தை மாட்டிய பிறகு, அதற்குள் தெரிகிற பகுதியை மட்டும் வரைந்து, தைத்து, நகர வேண்டும்.

சாக் வாங்கும்போது நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் நல்லது. வழுவழுவென்று சுருண்டால் மெழுகு கலந்தது, இஸ்திரி பட்டால் உருகி எண்ணெய்க் கறை மாதிரி பிடித்துக்கொள்ளும். கலர் சாக் பக்கம் நான் போவதில்லை, வெள்ளை மட்டும்தான்.

குளித்துத் தேய்ந்து, வெடவெடவென்று காய்ந்த சோப்புச் சில்லு சாக்கைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும், துவைத்தால் தானே போய்விடும். கிரீம் கலந்த சோப்பும் கலர் சோப்பும் வேண்டாம்.

வெளிர்த் துணியில் கருப்புப் பென்சிலில் வரைபவர்களும் உண்டு. நூறாண்டுப் பழைய குவில்ட்டுகளில்கூடத் தையலோரம் பென்சில் கோடு தெரிவதுண்டு, அவ்வளவு பிடிவாதம் அது. வரைந்தே ஆக வேண்டுமென்றால் 2எச் போன்ற கெட்டி முனையில், துணியைத் தொட்டும் தொடாமலும்.

மையே இல்லாத கோடு

நேர்க்கோடுகளுக்கு நான் இப்போது தேடுவது ஹேராவை. ஜப்பானில் கிமோனோ தைப்பவர்கள் கையாண்ட கருவி, முன்பு எலும்பில் செய்தார்கள், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். உள்ளங்கை நீளம், ஒரு முனை மழுங்கிய கத்தி மாதிரி. மேசைமேல் இழையோட்டிய குவில்ட்டை விரித்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஹேராவை உங்களை நோக்கி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். துணியில் பளபளவென்று ஒரு பள்ளம் விழும். நேர் மேலே விளக்கு இருந்தால் அது தெரியவே தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தினால் பள்ளத்தின் ஒரு கரை நிழலாகவும் மறுகரை வெளிச்சமாகவும் எழுந்து நிற்கும். ஊசி அந்தப் பள்ளத்திலேயே ஓடும். கோடு தவறினால் ஈர விரலால் தடவினால் போதும். தைத்து முடித்த பிறகு அழிக்க எதுவுமில்லை.

குறையும் இருக்கிறது. பூப்போட்ட துணியில் கோடு கண்ணுக்குச் சிக்காது, பாலியஸ்டரில் பள்ளம் நிற்காது, சுருண்ட வளைவுகளை இழுக்க வராது. அங்கெல்லாம் பேனாவுக்கோ சாக்குக்கோதான் திரும்ப வேண்டும். நேர்க்கோட்டுக்கே 6 மில்லிமீட்டர் மாஸ்கிங் டேப்பும் நல்ல மாற்று: ஒட்டி, ஓரம் பிடித்துத் தைத்து, பிய்த்து, அடுத்த வரிசையில் ஒட்டலாம். இரவு முழுக்க விட்டுவிட்டால் பசை தங்கிவிடும்.

எதை எடுத்தாலும், தைக்கப்போகும் அதே துணியில் ஒரு துண்டு வெட்டி, அதே பஞ்சை வைத்து, வரைந்து, ஒரு வாரம் விட்டு, அலசி, இஸ்திரி போட்டுப் பார்க்காமல் நான் தொடங்குவதில்லை. அப்படிச் சேர்ந்த துண்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எந்தப் பேனா, என்றைக்கு வரைந்தது என்று எழுதிக் குத்திய சீட்டோடு. முதல் ஏழெட்டுச் சீட்டுகள் மட்டும் வெற்றுக் காகிதம். சூட்டுப் பேனாவாலேயே எழுதி, துண்டோடு சேர்த்து இஸ்திரி போட்டிருக்கிறேன்.